பூக்கல் கணக்குக்கு நானே நிரல் எழுத வேண்டும்: எந்த மொழியில், எந்தக் கருவியில் தொடங்குவது?

கண்ணாடிப்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் எங்கள் குடும்பம் சிறிய பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரைக்கல்) பட்டறை ஒன்றை நடத்தி வருகிறது. எனக்கு வயது 23. காரைக்குடியில் வணிகவியல் பட்டப்படிப்பை முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாக அப்பாவுக்குத் துணையாகப் பட்டறையில் இருக்கிறேன். கல் வார்ப்பது இன்னும் கைவரவில்லை. ஆர்டர் எடுப்பதும், அறையின் அளவைக் கேட்டு எத்தனை கல் வேண்டும் என்று சொல்வதும், விலைப்பட்டியல் எழுதுவதும் என் பொறுப்பு. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பென்சிலால் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே நாளில் நான்கைந்து பேர் தொலைபேசியில் அளவைச் சொல்லி விலை கேட்கும்போது எங்காவது ஓரிடத்தில் தவறிவிடுகிறது. சென்ற மாதம் ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு கல் குறைந்துபோனதால் அதே பூவை மறுபடியும் வார்த்துக் கொடுத்தோம். சாயம் கையால் கலப்பது என்பதால் இரண்டாவது வார்ப்பு ஒரு சாயல் வெளுத்திருந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாதான் இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

இந்தக் கணக்குக்கு நானே ஒரு நிரல் எழுதிக்கொள்ள வேண்டும், முடிந்தால் பிற்காலத்தில் அதையே தொழிலாகவும் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் தொடங்குவதற்கு முன்பே குழம்பிவிட்டேன். யூடியூபில் ஒருவர் பைத்தான் என்கிறார், இன்னொருவர் ஜாவா தெரியாமல் வேலை கிடைக்காது என்கிறார், மூன்றாமவர் ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றே போதும் என்கிறார். பக்கத்து ஊரில் ஒரு பயிற்சி நிலையம் ஆறு மாத வகுப்புக்கு 45,000 ரூபாய் கேட்கிறது. என்னிடம் இருப்பது 4 ஜிபி நினைவகம் உள்ள, விண்டோஸ் 10 ஓடும் பழைய மடிக்கணினி. மேக்புக் இல்லாமல் இந்தத் துறைக்குள் வரவே முடியாது என்று நண்பன் ஒருவன் பயமுறுத்துகிறான். இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும்போது நான் கற்றுத்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய பேரேடு எழுதியது:

தம்பிக்கு வணக்கம். தேவகோட்டையில் பிறந்து, இருபத்திரண்டு ஆண்டுகளாக மென்பொருள் எழுதிப் பிழைத்து வருபவன் நான். நீங்கள் கேட்டவற்றுள் மொழி பற்றிய கேள்வியே மிக எளிது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்: பைத்தானில் தொடங்குங்கள். 1991இல் கீடோ வான் ராசம் வெளியிட்ட மொழி அது. ஒரு சிறிய கணக்கைச் செய்து காட்டுவதற்குச் சடங்காக எழுத வேண்டிய வரிகள் அதில் மிகக் குறைவு. ஜாவாவில் ஒரு வாக்கியத்தை அச்சிடுவதற்கே, இன்னது என்று பின்னால்தான் விளங்கும் பல சொற்களை எழுத வேண்டியிருப்பதே வழக்கமாக இருந்து வந்தது. ஒரே ஓர் எச்சரிக்கை. பைத்தான் 2 என்ற பழைய வடிவத்துக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஆனால் அதற்காக எழுதப்பட்ட பாடங்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. 'பிரிண்ட்' என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் அது பழைய பாடம் என்று தெரிந்துகொண்டு விலகிவிடுங்கள்.

கருவிக்கு 'தானி' என்ற மென்பொருளை நிறுவுங்கள். எஸ்தோனியா நாட்டின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்காகவே உருவாக்கப்பட்டது. பைத்தானையும் தன்னுடனேயே கொண்டுவருகிறது. உங்கள் 4 ஜிபி கணினியில் தாராளமாக ஓடும். நிரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி, எந்தப் பெயரில் இப்போது எந்த மதிப்பு இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும் வசதி அதில் உண்டு. தொடங்குபவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை என்பது என் கருத்து. மைக்ரோசாஃப்ட் 2015இல் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற எடிட்டரைத்தான் (நிரல் எழுதும் மென்பொருளைத்தான்) அலுவலகங்களில் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். நிரல் இரண்டு மூன்று கோப்புகளாகப் பெருகும்போது அதற்கு மாறிக்கொள்ளலாம். அதுவரை எந்த எடிட்டர் உயர்ந்தது என்ற வாக்குவாதங்களைப் படிக்காதீர்கள். நான் அவற்றில் செலவிட்ட நேரத்தில் இன்னொரு மொழியே கற்றிருக்கலாம்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். மடிக்கணினியைத் திறப்பதற்கு முன் அந்தப் பென்சில் நோட்டை எடுங்கள். 12 அடிக்கு 10 அடி அறை, அதாவது 144 அங்குலத்துக்கு 120 அங்குலம். 8 அங்குலக் கல் என்றால் நீளத்தில் 18, அகலத்தில் 15, ஆக 270 கல். இதில் குழப்பமே இல்லை. அதே அறைக்கு 10 அங்குலக் கல் என்றால் எத்தனை? பரப்பைப் பரப்பால் வகுத்தால் 172.8 வருகிறது, 173 என்று சொல்லிவிடலாம். வரிசையாக எண்ணினால் நீளத்தில் 14 முழுக்கல்லும் 4 அங்குல இடமும் இருப்பதால் 15 என்று வைத்து, 15 பெருக்கல் 12, ஆக 180. ஒரு கல்லிலிருந்து 4 அங்குலத் துண்டுகள் இரண்டு எடுக்கலாம் என்று கொண்டால், 168 முழுக்கல்லோடு 6 கல் சேர்த்து 174. மூன்று விடைகளும் மூன்று வகையில் சரிதான். உங்கள் பட்டறை இவற்றுள் எதைச் சொல்கிறது என்பதை எந்த மொழியும் உங்களுக்குச் சொல்லித் தராது. அப்பாவிடம் கேளுங்கள், கல் பதிக்கும் கொத்தனாரிடமும் கேளுங்கள். பன்னிரண்டு கல் குறைந்ததற்குக் காரணம் உண்மையில் கூட்டல் பிழைதானா, அல்லது ஒரு நாள் பரப்பாகவும் மறுநாள் வரிசையாகவும் கணக்குப் போட்டதா என்று நோட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

என் ஐயா பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் தொழில் பழகும் சிறுவனாக, சென்றவர். அங்கே யாரும் அவருக்கு வட்டிக் கணக்கை வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை. முதலில் குறிப்பேட்டைப் பார்த்து எழுதச் சொன்னார்களாம், பிறகு பேரேட்டில் ஏற்றச் சொன்னார்களாம், கடையில் இரண்டாம் நிலையில் இருந்த அடுத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து தவறைக் காட்டுவாராம். நிரல் எழுதுவதும் அந்த முறையில்தான் கைவரும். ஆகவே எழுதியதை இங்கே கொண்டுவந்து போடுங்கள்.

வளவு எழுதியது:

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். மொழியைப் பற்றி மேலே சொல்லப்பட்டதோடு உடன்படுகிறேன். கணினி, கட்டணம், செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மேக்புக் வேண்டியதில்லை. ஐபோனுக்கான செயலிகளை உருவாக்க ஆப்பிளின் எக்ஸ்கோட் தேவை, அது மேக் கணினியில் மட்டுமே ஓடும். அந்த வேலைக்கு வரும்போது அதைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம். உங்கள் கணினியில் கவனிக்க வேண்டியது வேறொன்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பதால் பழைய கணினிகள் பலவற்றில் அதை முறைப்படி நிறுவ முடியாது. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்வது நல்லது. 4 ஜிபி நினைவகத்துக்கு அது ஒத்துவரும், பைத்தானும் அதில் ஏற்கெனவே இருக்கும். நிறுவுவதற்கு முன் பட்டறைக் கணக்குகளை ஒரு பென் டிரைவில் படியெடுத்து வைத்துவிடுங்கள். கையில் சிறிது பணம் இருந்தால் வன்தட்டை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போடுங்கள், நினைவகத்தை 8 ஜிபியாக்குங்கள். புதுக் கணினி வாங்கும் எண்ணமே மறைந்துவிடும். ஆண்ட்ராய்டு செயலிகளை உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை மட்டும் இப்போது தொடாதீர்கள், குறைந்தது 8 ஜிபி கேட்கும்.

45,000 ரூபாயைக் கட்டுவதற்கு முன் இலவசமாகக் கிடைப்பவற்றை மூன்று மாதம் முயன்று பாருங்கள். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டத்தில் தமிழிலேயே ஒலியமைந்த சிறு சிறு பாடங்கள் இருக்கின்றன. என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தானில் நடத்திய பாடம் இருக்கிறது. அது சற்றுக் கடினமானது, முதல் இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். அப்போதும் வகுப்பு வேண்டும் என்று தோன்றினால், அந்த நிலையத்தில் இதற்கு முன் படித்து முடித்தவர்கள் தாமே எழுதிய நிரல் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். வேலைக்குச் சேர்ந்தவர்களின் படங்களை ஒட்டிய பலகையைக் காட்டினால் எழுந்து வந்துவிடலாம்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் மாணவர்கள் பலர் அது எழுதிக் கொடுத்த நிரலை அப்படியே கொண்டுவருகிறார்கள். நான் மதிப்பெண் குறைப்பதில்லை. அதில் ஏதாவது ஓர் அளவை மட்டும் மாற்றி என் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்கிறேன். எந்த வரியில் கை வைப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். பிழைச் செய்தி புரியாதபோது அதன் பொருளைக் கேட்பதற்கும், நீங்களே எழுதி முடித்த நிரலை வேறு எப்படி எழுதலாம் என்று கேட்பதற்கும் அது மிகவும் பயன்படும். முதல் நிரலை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். மேலே சொன்ன அறைக் கணக்கை அதனிடம் கேட்டால் அது 173 என்று சொன்னாலும் சொல்லலாம், 180 என்று சொன்னாலும் சொல்லலாம். எது உங்களுக்கு வேண்டியது என்று தெரிந்தவர் நீங்கள் மட்டும்தான்.

இரண்டாங்கட்டு எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். கேட்பவர் பட்டறையில் நின்றுகொண்டு தொலைபேசியில் பேசுபவர். சாயக் கையோடு மடிக்கணினியைத் திறந்து, தானியை ஓடவிட்டு, அளவைத் தட்டச்சு செய்வாரா? அவருக்கு வேண்டியது கைபேசி உலாவியில் திறக்கும் ஒரே ஒரு பக்கம். பிரெண்டன் ஐக் 1995இல் பத்து நாளில் உருவாக்கிய மொழி என்று ஜாவாஸ்கிரிப்டைக் கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் எதையும் நிறுவாமலே எல்லாருடைய கைபேசியிலும் ஓடுவது அது ஒன்றுதான். வலைப்பக்கத்தின் அமைப்பையும் தோற்றத்தையும் எழுத உதவும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டையும் ஓரளவு தெரிந்துகொண்டு நேரே ஜாவாஸ்கிரிப்டுக்குச் செல்வதே குறுக்கு வழி. பிற்காலத்தில் பூக்கல் வகைகளை வாடிக்கையாளர்களுக்கு இணையத்தில் காட்டவும் அதே அறிவு உதவும்.

கண்ணாடிப்பலகை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பழைய பேரேடு அண்ணன் சொன்னபடி நோட்டைப் புரட்டினேன். குறைந்துபோன வீட்டுக்குப் பரப்பால் வகுத்திருக்கிறேன். அதற்கு முந்தைய வாரம் இன்னொரு வீட்டுக்கு வரிசையாக எண்ணியிருக்கிறேன். ஆக, அது கூட்டல் பிழை இல்லை.

தானியை நிறுவி இரண்டு இரவுகள் முயன்றேன். அறையின் நீளத்தை அடியில் கேட்டு வாங்கி, பன்னிரண்டால் பெருக்கி அங்குலமாக்கச் சொன்னேன். 12 என்று கொடுத்தேன். 144 வர வேண்டிய இடத்தில் 12, 12, 12 என்று பன்னிரண்டு முறை வரிசையாக ஒட்டிக்கொண்டு 24 இலக்கத்தில் ஓர் எண் வந்தது. அதை 8ஆல் வகுக்கச் சொன்னபோது சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தது. கணினியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ஒருமுறை அணைத்துவிட்டுப் போட்டும் பார்த்தேன்.

பழைய பேரேடு எழுதியது:

கணினியில் கோளாறு இல்லை. எல்லாரும் ஒருமுறை விழுந்து எழும் பள்ளத்தில்தான் நீங்களும் விழுந்திருக்கிறீர்கள். 'இன்புட்' வழியாக வாங்குவது எதுவாக இருந்தாலும் பைத்தான் அதை எழுத்துச் சரமாகவே வைத்துக்கொள்ளும். நீங்கள் தட்டியது பன்னிரண்டு என்ற எண் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குத் தெரிந்தது 1 என்ற எழுத்தும் 2 என்ற எழுத்தும் அடுத்தடுத்து நிற்கின்றன என்பது மட்டும்தான். ஒரு சரத்தைப் பன்னிரண்டால் பெருக்கு என்றால் பன்னிரண்டு முறை திரும்ப எழுது என்று பொருள். சரத்தை எட்டால் வகுப்பதற்கோ பொருளே கிடையாது, அதனால்தான் மறுத்துவிட்டது. வாங்கிய உடனே 'இன்ட்' என்பதைக் கொண்டு எண்ணாக மாற்றிவிடுங்கள்.

மாற்றிய பிறகு, பத்தரை அடி என்பதற்கு 10.5 என்று கொடுத்தால் 'இன்ட்' மறுபடியும் பிழை காட்டும். அங்கே புள்ளி எண்களை ஏற்கும் 'ஃப்ளோட்' போட்டால் ஓடும். ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடியைத் தனியாகவும் அங்குலத்தைத் தனியாகவும் முழு எண்களாகக் கேளுங்கள். வாடிக்கையாளர்களும் 'பத்து அடி ஆறு அங்குலம்' என்றுதானே சொல்கிறார்கள். விலையையும் இப்படியே பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். தானியில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள்: 0.30000000000000004 என்று வரும். கணினி பின்னங்களை இரண்டின் அடுக்குகளில் வைப்பதால் பத்தில் ஒன்று என்பது அதற்குள் முழுமையாக அடங்குவதில்லை.

இரண்டாங்கட்டு நண்பருக்கு ஒரு சொல். கைபேசியில் ஓட வேண்டும் என்ற உங்கள் வாதம் நியாயமானது, மறுக்க மாட்டேன். ஆனால் இதே தவறை ஜாவாஸ்கிரிப்டில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். 12 என்ற சரத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் அது தானாகவே எண்ணாக மாற்றி 144 என்று சரியாகக் காட்டிவிடும். தம்பி மகிழ்ந்துபோய் அடுத்த வரியில், அதேபோல் சரமாக வாங்கிய 6 அங்குலத்தைக் கூட்டுவார். கூட்டல் குறியை மட்டும் அது சரங்களை ஒட்டும் குறியாக எடுத்துக்கொள்ளும் என்பதால் 150க்குப் பதிலாக 1446 வரும். அதாவது நூற்றிருபதரை அடி நீள அறை. ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக வீடு கட்டிய ஊரில், அப்படியும் ஓர் அறை இருக்கும் என்று நம்பி விலையும் சொல்லிவிடுவோம். பைத்தான் முகத்துக்கு நேரே மறுத்தது; தொடங்குபவருக்கு அந்தக் கண்டிப்பு நல்லது.

இரண்டாங்கட்டு எழுதியது:

1446 உதாரணத்தை ஒப்புக்கொள்கிறேன். என் முதல் வேலையில் ஒரு பில்லில் நானே அதைச் செய்திருக்கிறேன். பைத்தானில் கணக்கு சரியாக ஓடத் தொடங்கிய பிறகு அதைக் கைபேசிப் பக்கமாக மாற்றுவது ஒரு வாரத்து வேலை என்பதால், வரிசையைப் பற்றி இனி வாதிடவில்லை.

ஒரு குறிப்பை மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் விலைப்பட்டியலைத் தமிழில் அச்சிடும்போது இது கண்டிப்பாக வரும். ஊர்ப் பெயர்களை ஒரே அகலத்தில் அமைக்க எழுத்துகளை எண்ணச் சொன்னால், 'காரைக்குடி' என்பதற்குப் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 10 என்று சொல்லும். நமக்கு அது ஐந்து எழுத்து. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூனிகோடு முறையில் துணைக்கால், ஐகாரக் குறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள் என்பதே காரணம். பைத்தானுக்கு ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பு இருக்கிறது. அது தமிழ் எழுத்துகளாகவே பிரித்து எண்ணித் தரும். பட்டியலை அட்டவணையாக அமைத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

வளவு எழுதியது:

இன்னொன்று. கோப்புக்குக் 'கணக்கு', 'கணக்கு புதியது', 'கணக்கு இறுதி' என்று பெயர் வைக்கத் தொடங்கியிருப்பீர்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட் என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. கிளை, இணைப்பு போன்றவற்றையெல்லாம் விட்டுவிட்டு, நிரல் சரியாக ஓடும் ஒவ்வொரு முறையும் அந்த நிலையைப் பதிந்துவைப்பது எப்படி என்பதை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மாலை போதும்.

கண்ணாடிப்பலகை எழுதியது:

வளவு ஆச்சி சொன்னது உண்மைதான். 'கணக்கு இறுதி 3' வரை வந்துவிட்டேன். இன்றே கிட் நிறுவுகிறேன்.

நிரல் ஓடுகிறது. 173, 174, 180 மூன்றையும் அப்பாவிடம் காட்டி எது சரி என்று கேட்டேன். கொத்தனாரும் உடன் இருந்தார். அப்பா மூன்றையும் பார்த்துவிட்டு, பூ அறையின் நடுவில் அமைய வேண்டுமா வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார். நடுவில் அமைய வேண்டுமென்றால் வெட்டுக்கல் ஒரு பக்கம் மட்டும் வரக் கூடாது, இரு ஓரத்திலும் சமமாக வர வேண்டும். 14 முழுக்கல் போட்டால் இரு ஓரத்திலும் 2 அங்குலச் சில்லுதான் கிடைக்கும். அவ்வளவு மெல்லியதாகக் கல்லை வெட்டினால் உடையும், பார்க்கவும் நன்றாக இராது என்றார் கொத்தனார். ஆகவே 13 முழுக்கல், இரு ஓரத்திலும் 7 அங்குல வெட்டுக்கல். ஒரு கல்லிலிருந்து 7 அங்குலத் துண்டு ஒன்றுதான் எடுக்க முடியும் என்பதால் ஒரு வரிசைக்கு 15 கல், ஆக 180. உடைசலுக்கு ஐந்து கல்லைத் தனியாகச் சேர்க்கச் சொன்னார்கள். இத்தனை ஆண்டுகளாக அவர்கள் மனக்கணக்காகப் போட்டு வந்தது இதுதான். நான் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

இதை நிரலில் எப்படிச் சேர்ப்பது? மேலும், ஓரக்கல்லுக்கும் நடுக்கல்லுக்கும் விலை வேறு என்பதால் அவற்றைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

பழைய பேரேடு எழுதியது:

நீளத்தைக் கல்லின் அளவால் வகுத்து, முழு ஈவையும் மீதியையும் தனித்தனியாக எடுங்கள். பைத்தானில் இரண்டு சாய்கோடு ஈவைத் தரும், சதவிகிதக் குறி மீதியைத் தரும். மீதி சுழியமாக இருந்தால் வெட்டே இல்லை. மீதி இருந்தால் அதன் பாதி எவ்வளவு என்று பாருங்கள். அது கொத்தனார் ஏற்கும் அளவைவிடக் குறைவாக இருந்தால் முழுக்கல்லில் ஒன்றைக் குறைத்து, அந்தக் கல்லின் அளவையும் மீதியோடு சேர்த்துப் பாதியாக்குங்கள். கொத்தனார் ஏற்கும் அந்த அளவு எத்தனை அங்குலம் என்பதை அவரிடமே கேட்டு, நிரலின் தலையில் ஒரு பெயரிட்டு வைத்துவிடுங்கள். பின்னால் மாற்ற எளிதாக இருக்கும். பாதி போதுமான அளவில் இருந்தால் முழுக்கல்லைக் குறைக்காமல் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று கூடும், அப்போது வரிசையில் இரண்டு துண்டு அதிகமாகும் என்பதையும், அவை இரண்டையும் ஒரே கல்லிலிருந்து எடுக்கலாமா என்று கொத்தனாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அகலத்துக்கும் இதே வேலைதான் என்பதால், இரண்டு முறை எழுதாமல் ஒரு சார்பாக (ஃபங்ஷன், பெயர் சொல்லி அழைக்கக்கூடிய நிரல்பகுதி) எழுதி இருமுறை அழையுங்கள்.

ஓரக்கல் கணக்கு: நீளத்தின் கல்லையும் அகலத்தின் கல்லையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, நான்கைக் கழியுங்கள், ஏனெனில் நான்கு மூலைகளும் இரண்டு பக்கத்திலும் எண்ணப்பட்டுவிடுகின்றன. 12க்கு 10 அறையை 8 அங்குலக் கல்லில் ஓட்டினால் மொத்தம் 270, ஓரம் 62, நடு 208 என்று வர வேண்டும், வெட்டு எதுவும் இருக்கக் கூடாது. 10 அங்குலக் கல்லில் 180 வர வேண்டும், வெட்டு 7 அங்குலம் என்று காட்ட வேண்டும். இவை வந்ததும் கிட்டில் பதிந்துவிட்டு இங்கே எழுதுங்கள். மூலைக்கல்லுக்கும் தனி அச்சும் தனி விலையும் உண்டா என்பதை அதற்குள் அப்பாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருந்தால் அந்த 62 என்பதை 58 என்றும் 4 என்றும் பிரிக்க வேண்டியிருக்கும்.